என் தெரு கடைசி

கவுன்சிலர் வேலைக்குப் படிப்பு வேண்டாம், அனுபவம் வேண்டாம். வீட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் வைத்திருந்தால் போதும். அடுக்குமாடிச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவர்கள், கல்யாணத்தில் பந்தி விசாரித்து ஏச்சு வாங்கியவர்கள் எல்லோரும் என் இனம். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

யார் கவுன்சிலர்?

வடசென்னை விம்கோ நகரில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். பதினைந்து வருஷமாகக் கட்சிக் கொடி பிடித்த நான் நின்றேன், ஜெயித்தேன். என் கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேப்பர் படிப்பதைத் தவிர அவருக்கு வேறு அரசியல் கிடையாது.

ஜெயித்த மறுநாள் காலை ஒரு பெரியவர் வந்தார். தெருவிளக்கு எரியவில்லை என்ற மனுவைக் கணவரிடம் நீட்டிவிட்டு, என்னிடம் சர்க்கரை கம்மியாக ஒரு டீ கேட்டார். டீயைக் கொடுத்துவிட்டு, கவுன்சிலர் நான்தான் என்றேன். பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயே இருந்துக்கோம்மா, யாரு வேணாம்னா? மனு சார் கையிலயே இருக்கட்டும். அவருதான் கண்ணாடி போட்டுக்கினு கீறாரு."

பட்டியல்

வார்டில் மழைநீர் வடிகால் இல்லாத தெருக்கள் மூன்று. மழைக்கு முன் இரண்டுதான் முடியும், வரிசையை நீங்களே சொல்லுங்கள் என்றார் பொறியாளர். மூன்றில் ஒன்று என் தெரு. இன்னொன்று பிலோமினா அக்காவின் தெரு. அக்கா காசிமேட்டில் மீன் எடுத்து வந்து விற்பவர். வருஷா வருஷம் அவர் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வரும். கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் கொடுத்து ஏற்றி, குடும்பமே மேலே உட்கார்ந்திருக்கும். ஓட்டுக் கேட்டுப் போனபோது அந்தக் கட்டிலில் உட்கார்ந்துதான், இந்த வருஷம் தண்ணீர் வராது என்று வாக்குக் கொடுத்தேன். வந்தால் அந்தத் தெருவில் நான் தலைகாட்ட முடியாது.

அக்கா தெருவை முதலில் போட்டேன். என் தெருவை முன்னால் தள்ளினால் ஊர் என்ன பேசும் என்று அதைக் கடைசியில் போட்டேன். அந்தப் பெருமையை வீட்டிலும் சொன்னேன். கணவர் பேப்பரைத் தாழ்த்தினார்.

"ஊர்ல நல்ல பேரு எடுத்துட்ட. தண்ணி வந்தா நீ மீட்டிங் போயிடுவ, ஃப்ரிட்ஜ தூக்கறது நானு."

மூன்று தேங்காய்

எங்கள் பக்கம் பூஜை போடாமல் மண்வெட்டி மண்ணில் இறங்காது. அக்கா தெருவில் நான் ஒரு தேங்காய் உடைத்து வேலையைத் தொடங்கிவைத்தேன். தன்னைக் கூப்பிடவில்லை என்று எங்கள் கட்சியின் வட்டச் செயலாளர் கோபித்துக்கொண்டு, வேலையை நிறுத்தி, அடுத்த வாரம் தனியாக ஒரு பூஜை போட்டார். அப்புறம் எதிர்க்கட்சிக்காரர்கள், இது நாங்கள் போராடி வாங்கிய வடிகால் என்று மாலையோடு வந்து மூன்றாவது தேங்காயை உடைத்தார்கள். ஐப்பசி பிறந்துவிட்டது. வானம் கறுத்துக்கொண்டே வந்தது. பள்ளத்தில் நின்ற மேஸ்திரி தேங்காய்ச் சில்லை மென்றபடி சொன்னார்.

"தேங்கா ஒடைக்க வந்தவங்க ஆளுக்கொரு சட்டி மண்ணு அள்ளியிருந்தா, இந்நேரம் வேல முடிஞ்சி நாங்க வூட்டுக்குப் போயிருப்போம் மேடம்."

மழை

எப்படியோ இரண்டு தெருக்களும் முடிந்தன. முடிந்த மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடவே இல்லை. விடிந்ததும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். வாசலில் வடிகால் சலசலவென்று ஓடியது. உள்ளே தரை காய்ந்து கிடந்தது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போகும்போது கணுக்கால் அளவு இருந்த என் தெருத் தண்ணீர், திரும்பி வந்தபோது முழங்காலுக்கு ஏறியிருந்தது. என் வீட்டு வாசலில் தெருக்காரர்கள் மனுவோடு நின்றார்கள். வாங்கிப் பார்த்தேன். முதல் கையெழுத்து என் கணவருடையது. மனுவை மடித்து இடுப்பில் செருகியபோது, தலையில் மீன் கூடையோடு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பிலோமினா அக்கா வந்தார். நன்றிக்கு வஞ்சிரம் கொண்டுவருகிறார் என்று நினைத்தேன். கூடையை என் வீட்டுத் திண்ணையில் இறக்கினார். உள்ளே எட்டு செங்கல்கள் இருந்தன.

"எங்க வூட்ல இனிமே இதுக்கு வேல இல்ல. உன் கட்டிலுக்கு காலுக்கு ரெண்டா வச்சிக்கோ, கவுன்சிலரே."

பதவிக்கு வந்து என்ன சம்பாதித்தாய் என்று யார் கேட்டாலும் எட்டு செங்கல் என்று தைரியமாகச் சொல்வேன், என் கணவரின் மனு மட்டும் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.