மண்ணெண்ணெய் குடித்த ஸ்பொஞ்

தண்ணி இறைக்கும் மெசின் திருத்துகிறவனுக்குத் தண்ணிதான் முதல் எதிரி; எண்ணெயோடு கலந்தால் மெசின் ஓடாது. நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் மெசின் ஓட்டிய அந்தப் பொருளாதாரத் தடை வருசங்களில் கயிறு இழுத்து இழுத்துத் தோள்மூட்டு நொந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். என் கடை வன்னியில், ஒட்டுசுட்டானில் இருந்தது.

கை தவறியது

முத்தையன்கட்டில் வயல் செய்த வேலாயுதம் அண்ணை, தன் மெசினோடு ஒரு கான் மண்ணெண்ணெயும் கொண்டுவந்திருந்தார். அந்த மாதத்துக்கு அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான். நான் திரும்பியபோது கால் தட்டி, கான் அப்படியே சைக்கிள் ரியூப்பில் ஓட்டை பார்க்கிற தண்ணித் தொட்டிக்குள் கவிழ்ந்தது. நெல் கதிர் தள்ளப்போகிற குடலைப் பருவம், தண்ணி இல்லாவிட்டால் போச்சு.

சிரட்டையால் அள்ளினேன், பாதி தண்ணியாக வந்தது. எண்ணெய்க் கை துடைக்கிற பழைய மோட்டார்சைக்கிள் சீற் ஸ்பொஞ் ஒன்று பக்கத்தில் கிடந்தது. பதற்றத்தில் அதைப் போட்டு ஒற்றி, கானுக்குள் பிழிந்தேன். வந்தது மண்ணெண்ணெய்தான், தண்ணி ஒட்டவேயில்லை. எண்ணெய் ஊறிய துவாரங்களுக்குள் தண்ணி போகாது என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. பின்னேரத்துக்குள் முக்கால் கான் மீண்டது. அண்ணை கானைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொட்டினது நீ, எடுத்தது ஸ்பொஞ். நான் ஸ்பொஞ்சுக்குத்தான் நன்றி சொல்லுவன்."

சவர்க்காரம்

என் மனைவி சறோ கடையையும் பார்த்துக்கொள்வாள். ஒருநாள் அந்தக் கறுத்த ஸ்பொஞ்சைக் கண்டு அருவருத்து, அருமையாகக் கிடைத்த சவர்க்காரத்தைப் போட்டுக் கழுவிக் காயவிட்டாள். அடுத்த நாள் அது தண்ணியையும் மண்ணெண்ணெயையும் பேதமில்லாமல் குடித்தது. சவர்க்காரம் பட்டால் தண்ணிக்கு வழி விட்டுவிடும், ஊத்தையாக இருந்தால்தான் அது வேலை செய்யும் என்று விளங்கப்படுத்தினேன். அவள் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "அப்பிடியெண்டா நீங்கள் ஏன் இன்னும் சும்மா இருக்கிறியள்?"

புது மெத்தை

கதை பரவியதும் எல்லாருக்கும் ஸ்பொஞ் தேவைப்பட்டது. கலியாணம் முடித்து ஒரு மாதமான குகன், உள்ளங்கை அளவில் மஞ்சள் துண்டொன்று கொண்டுவந்தான். எங்கே எடுத்தாய் என்று கேட்டதற்கு அவன் சிரித்து மழுப்பினான். நானும் அதைக் கழிவு எண்ணெயில் ஊறவைத்துப் பழக்கிக் கொடுத்தேன்.

அடுத்த நாள் காலை அவன் மனைவி சைக்கிளில் வந்து, அந்தத் துண்டைத் திருப்பித் தைக்கலாமா என்று அமைதியாகக் கேட்டாள். அது எண்ணெய் குடித்துவிட்டது, இனி மெத்தைக்கு ஆகாது என்றேன். அவள் சைக்கிளைத் திருப்பினாள். "பரவாயில்லை அண்ணை. ஓட்டை இனி அவர் படுக்கிற பக்கம் இருக்கட்டும்."

பார்வதியக்காவின் கிணறு

மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் கிணற்றுக்கு நான் ஒரு மெசின் திருத்திக் கொடுத்தேன். கோடைக்குத் தண்ணி கீழே போனதால் மெசினைக் கிணற்றுக்குள் கட்டி இறக்கியிருந்தார்கள். நான் ஓட்டை அடைத்து ஒட்டிய எண்ணெய் ராங்கி மூன்றாம் நாளே ஒட்டு விட்டுப்போய், மண்ணெண்ணெய் முழுக்கக் கிணற்றில். அந்தப் பக்கத்தில் வற்றாத கிணறு அது ஒன்றுதான். பிழை என்னுடையது. அங்கே போய் நின்றபோது யாரும் ஏசவில்லை; அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

இடுப்பில் கயிறு கட்டி இறங்கினேன். ஸ்பொஞ்சுகளைத் தண்ணிமேல் மிதக்கவிட்டு, ஓரத்திலிருந்து ஒற்றி ஒற்றி வாளிக்குள் பிழிந்தேன். மேலே நின்று வாளி இழுத்தவர் அந்தக் குடும்பங்களில் ஒருவரான பார்வதியக்கா. கையில் தோல் உரிந்தும் அவர் விடவில்லை. இரண்டாம் நாள் படலம் போய்விட்டது, மணம் போகவில்லை. கிணற்றை வாளியால் இறைத்து ஊறவிட்டோம், திரும்பவும் இறைத்தோம்.

நான்காம் நாள் அக்கா ஒரு வாளி அள்ளி மணந்து பார்த்தார். போய் அந்தத் தண்ணியில் சாயத் தேத்தண்ணி ஊற்றி, முதல் கோப்பையை எனக்குத் தந்தார். அவர் மன்னித்துவிட்டார் என்று எனக்குக் கண் கலங்கியது. குடித்துவிட்டு எழும்பப் போனேன். அக்கா மறித்தார்: "கொஞ்சம் உக்காந்திருங்க தம்பி. உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா நாங்களும் குடிக்கிறோம்."

அந்த வருசங்களில் நான் திருத்தியதைவிடப் பிழிந்ததுதான் அதிகம், ஆனாலும் பெயர்ப்பலகையில் கடைசிவரை 'மெசின் திருத்துமிடம்' என்றே இருந்தது.