நான் தொரையாக உட்கார்ந்திருந்த நாட்கள்

அல்சூர் ஏரிக்கரைக்குக் காலையில் நடக்க வருகிறவர்கள் என்னைப் பார்த்திருக்கலாம். நடப்பதைவிட அதிக நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கிழவன் நான்தான். போன வாரம் என் பெஞ்சின் மறுமுனையில் ஒரு இளம்பெண் வந்து உட்கார்ந்தாள். காதில் எதையோ மாட்டிக்கொண்டு கைப்பேசியோடு ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தாள். ஏதோ வேலைக்கான ஒத்திகை. ஒரு செயலி கேள்வி கேட்குமாம், இவள் பதில் சொல்ல வேண்டுமாம். முதல் வாக்கியத்திலேயே ஒரு தப்பு. என் நாக்கு துறுதுறுத்தது. ஆனால் அவள் காதுக்குள்ளிருந்த குரல் அதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டது போலிருக்கிறது. அவள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். அதிலும் ஒரு தப்பு. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். நான் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டேன். எனக்குச் செல்வராஜின் ஞாபகம் வந்துவிட்டிருந்தது.

சுற்றுலா பஸ்ஸைக் கழுவுகிற அன்று அதற்குள் ஒரு வாசனை இருக்கும். ஈர ரெக்சின், டீசல், பினாயில், இருக்கை இடுக்கில் காய்ந்த ஆரஞ்சுத் தோல், எல்லாம் கலந்தது. எனக்கு ஆங்கிலம் என்றால் இன்றும் அந்த வாசனைதான். செல்வராஜ் அந்த பஸ்ஸில் கிளீனர். ஜோகுபாளையத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய். நான் பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு, வேலை தானாக என்னைத் தேடிவரும் என்ற நம்பிக்கையில் இருந்தேன். அவன் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் வாய் திறந்தால் தெருவே நிற்கும். தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் வளைத்து, நடுவில் உருதுச் சொல் ஒன்றைச் செருகி அவன் கதை சொல்ல, அவன் அம்மா குடம் நிரம்பி வழிவதைக் கவனிக்காமல் நிற்பார்கள்.

பஸ் பசவனகுடி பெரிய நந்தி கோயிலில் நின்றால், கைடு வராத நாட்களில் அவன்தான் பேசுவான். வயலில் புகுந்து கடலைக்காயைத் தின்ற காளை கல்லாகி, அப்புறமும் வளர்ந்துகொண்டே போன கதை அந்தக் கோயிலில் எல்லோரும் சொல்வதுதான். செல்வராஜ் சொன்னால் அது வேறு. "பாருங்க சார், கடலக்கா தின்னே இந்த சைஸ் ஆயிட்டாரு இவரு. நானும் தினம் தின்றேன், எங்கம்மா இன்னும் என்னை ஸ்டூல் போட்டுத்தான் சுவிட்ச் போட சொல்றாங்க" என்பான். அவன் குள்ளம். பஸ்ஸே குலுங்கும்.

இதை ஒருநாள் முதலாளி கேட்டுவிட்டார். "இங்கிலீஷ் மட்டும் கத்துக்கோ. ஃபாரினர்ஸ் வண்டிக்கு உன்னையே கைடா போடறேன்" என்றார். செல்வராஜ் நேரே என் வீட்டுக்கு வந்தான்.

"குரு, நீ தொரையா உக்காரு. நான் உனக்கு ஊரைக் காட்றேன்."

நான் சம்மதித்தேன். கொஞ்சம் பெருமையாகவே சம்மதித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

வண்டி கழுவும் நாளில், நிறுத்தி வைத்த பஸ்ஸில் எங்கள் பாடம் நடக்கும். யாரோ ஒரு பயணி விட்டுப்போன தொப்பியை மாட்டிக்கொண்டு நான் ஜன்னலோரம் உட்காருவேன். அவன் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பான். "வெல்கம், தொரை!" என்று சலாம் போடுவான். முதல் வாரம் சிரிப்பாகவே போனது.

நான் படித்த கன்டோன்மென்ட் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாக்கியத்தில் தப்பு வந்தால் ஆசிரியை ஸ்கேலால் மேஜையைத் தட்டுவார். நாங்கள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே கற்பித்தல் அது. என்னிடம் ஸ்கேல் இல்லை, புருவம் இருந்தது. அவன் தப்பாகச் சொன்னால் புருவத்தைத் தூக்குவேன். அவன் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து தொடங்குவான். இதில் வேடிக்கை, நானே அதுவரை ஒரு வெள்ளைக்காரரோடும் உட்கார்ந்து பேசியதில்லை. என் ஆங்கிலம் பரீட்சைத் தாளுக்கு வெளியே வந்ததே கிடையாது. தப்பு பொறுக்காத தொரை ஒருவரை நானே கற்பனை செய்துகொண்டு, அவராக உட்கார்ந்திருந்தேன்.

ஸ்டூல் கதையை அவன் ஆங்கிலத்தில் சொல்லப் பார்த்தபோது, "இதெல்லாம் வேணாம்டா. கைடுன்னா ஒரு மரியாதை இருக்கு. காளை எத்தனை அடி உயரம்னு சொல்லு போதும்" என்றேன்.

பஸ் டிரைவர் நஞ்சப்பா கன்னடக்காரர். பாடத்தின்போது பின்சீட்டில் படுத்திருப்பார். ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏனப்பா, இவன் பேசினா நான் ரோடை மறந்துடுவேன், அப்படி இருந்துச்சு. இப்ப இவன் பேசினா எனக்கு நித்ரே வருது. என்ன மாடிதே நீ, என்ன செஞ்சே இவனை?" என்றார். படிக்காதவர், அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

உண்மையில் செல்வராஜ் மாறிக்கொண்டிருந்தான். ஒரு வாக்கியம் சொல்வான், நிறுத்துவான், என் முகத்தைப் பார்ப்பான். புருவம் அசையவில்லை என்றால்தான் அடுத்தது. நான் அதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டேன்.

சோதனை நாள் வந்தது. ஹோட்டலிலிருந்து ஒரு பஸ் நிறைய வெளிநாட்டவர்கள். முதலாளியும் முன்சீட்டில். "நீயும் வா குரு. நீ இல்லன்னா நான் ஏறமாட்டேன்" என்று செல்வராஜ் என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். கடன் வாங்கிய வெள்ளைச் சட்டை அவனுக்கு முழங்கால்வரை தொங்கியது. அதைப் பற்றி ஒரு கிண்டலாவது அடிப்பான் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை.

நந்தி முன்னால் எல்லோரும் வட்டமாக நின்றார்கள். அவன் கையடக்கமான மைக்கில் ஆரம்பித்தான். முதல் வாக்கியம் வந்தது. நிறுத்தினான். என்னைப் பார்த்தான். அதில் ஒரு சின்னத் தப்பு இருந்தது. சத்தியமாக நான் வேண்டுமென்று செய்யவில்லை. இத்தனை நாள் பழக்கம், என் புருவம் தானாக மேலே போய்விட்டது. அவன் முதலிலிருந்து ஆரம்பித்தான். பதற்றத்தில் வேறொரு தப்பு. மறுபடி என்னைப் பார்த்தான். நான் முகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அது அவனுக்கு இன்னும் கோபமாகத் தெரிந்திருக்க வேண்டும். மறுபடி முதலிலிருந்து. சிலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி, இவன் யாரைப் பார்க்கிறான் என்று என்னைப் பார்த்தார்கள். ஒரு வயதான அம்மாள், "கேரி ஆன், டியர், வி அண்டர்ஸ்டாண்ட் யூ" என்றாள். அவர்களுக்குப் புரிந்துதான் இருந்தது. தப்புக்காகக் காத்திருந்தவன் அங்கே நான் ஒருவன்தான். தலையைக் குனிந்துகொள்ளலாம் என்று தோன்றியது. குனிந்தால் கைவிட்டதாக நினைப்பானோ என்று பயம். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். அவன் பேச்சு அதோடு நின்றேவிட்டது.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. டைம் ஆகுது."

நான் மைக்கை வாங்கினேன். காளையின் உயரம் சொன்னேன். கூட்டம் மரியாதையாகத் தலையாட்டியது, வேறொன்றும் நடக்கவில்லை. எனக்கும் வியர்த்தது. அப்போது என் வாயிலிருந்து ஸ்டூல் கதை வந்தது. நான் நல்ல உயரம். அதனால் செல்வராஜைக் கைகாட்டி, அவனை வைத்துச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். கை தட்டினார்கள். செல்வராஜும் சிரித்தான், அவர்கள் பக்கம் பார்த்து.

வேலை எனக்குக் கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அந்தக் கதையைச் சொல்லித்தான் பிழைத்தேன்.

அதற்குப் பிறகும் சில மாதங்கள் அவன் அதே வண்டியில் கிளீனராக வந்தான். கதவைத் திறப்பான், படிக்கட்டில் வயதானவர்களுக்குக் கை கொடுப்பான். நம் ஊர்க்காரர்கள் வந்த நாட்களில், "நீ தமிழ்ல பேசுடா. நான் வாயே தொறக்க மாட்டேன்" என்று கெஞ்சினேன்.

"அன்னிக்கு நான் தெணறினப்பவும் நீ வாய் தொறக்கலியே குரு, புருவம்தானே தூக்கினே" என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். கோபப்பட்டிருந்தால் எனக்கு ஏதாவது வழி கிடைத்திருக்கும்.

பிறகு பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டான். மெஷின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை, நிம்மதி என்று நஞ்சப்பாவிடம் சொன்னானாம்.

அந்த பஸ் கம்பெனி இப்போது இல்லை. வண்டி கழுவிய இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. நஞ்சப்பாவும் இல்லை. கோயிலுக்கு வரும் வெளிநாட்டவர்களில் பலர் யாரையும் எதுவும் கேட்பதில்லை. கைப்பேசியைப் பார்த்துப் படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இவற்றுக்கெல்லாம் வருத்தப்படலாம்தான், எனக்கு அவ்வளவு வருத்தம் வரவில்லை.

ஏரிக்கரையிலிருந்து வந்த மறுநாள், விலாசம் விசாரித்துப் பொம்மனஹள்ளியில் அவன் வீட்டுக்குப் போனேன். செல்வராஜ் கதவைத் திறந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. "வா" என்று நாற்காலியைக் காட்டினான். மின்விசிறியைப் போட்டான். உட்கார்ந்தான். அவ்வளவுதான். பேச்சையெல்லாம் அவன் மனைவிதான் பேசினார். மகள் கல்யாணம், முட்டி வலி, தண்ணி லாரி.

"தப்பா நெனைக்காதீங்கண்ணா. இவரு இப்படித்தான். கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து பாக்கறேன், கேட்டா ஒரு வார்த்தை, கேக்கலன்னா அதுவும் இல்ல. பொறவியே அப்படி."

எனக்குத் தாங்கவில்லை. சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். ஒரு பஸ் ஜனத்தையே வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தவன் இவன், குழாயடியில் இவன் கதை கேட்டுக் குடம் நிரம்பி வழியும், டிரைவர் ரோடை மறப்பார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இவரா? போங்கண்ணா! நீங்க வேற யாரையோ சொல்றீங்க."

நான் செல்வராஜைப் பார்த்தேன். "நீயே சொல்லுடா" என்றேன்.

அவன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தான். மனைவியைப் பார்த்து மெல்லச் சிரித்தான்.

"ஆமா. வேற யாரோ" என்றான்.