விளக்கு வைக்கும் அதிகாரம்

எங்கள் வீட்டைக் கட்டியபோது எல்லா விளக்குகளின் சுவிட்சுகளையும் கூடத்து மூலையில் ஒரே மரப்பலகையில் பொருத்தச் செய்தவன் நான். வாசல், கூடம், மாடிப்படி, கொல்லை ஆகிய அனைத்தையும் ஓரிடத்திலிருந்து ஆள்வது எனக்குப் பெருமிதமாக இருந்தது. ஆயினும் பலகையை எட்ட ஒரு படி ஏறவேண்டும். சென்ற மழைக்காலத்தில் என் மனைவி ஈரக்காலோடு அந்தப் படியில் வழுக்கி விழுந்தாள். முழங்கால் வலி அவளை விட்டு அகலவில்லை.

ஆகவே ஸ்மார்ட் சுவிட்சுகள் பொருத்தத் தீர்மானித்தேன். ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்புப் பணி புரியும் எலக்ட்ரீஷியன், தம் வார விடுமுறையில் வந்து வேலையை முடித்து, என் கைப்பேசியிலிருந்தே விளக்கு, மின்விசிறி அனைத்தும் இயங்குமாறு செய்தார். பிடிக்காவிட்டால் பழைய பலகையே திரும்ப வரவேண்டும் என்ற நிபந்தனையோடு மனைவி இசைந்தாள். பலகை பரண்மேல் காத்திருந்தது.

ஓரிரு நாள் கழித்து, உறவினரை வழியனுப்பச் சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையம் சென்றிருந்தேன். திரும்பும் ஷேர் ஆட்டோ கம்பெனிப் பேருந்துகளுக்கும் டிரெய்லர்களுக்கும் இடையே சிக்கிக்கொண்டது. பொழுது சாய்ந்தது. இருட்டில் அவள் தடுமாறுவாளே என்றஞ்சி, இருந்த இடத்திலிருந்தே எல்லா விளக்குகளையும் எரியவிட்டேன். அருகில் சீருடையோடு அமர்ந்திருந்த இளைஞரிடம் திரையைக் காட்டினேன். அவர் மரியாதையாகப் பாராட்டிவிட்டு மீண்டும் கண்ணயர்ந்தார்.

வீடு ஜெகஜோதியாக இருந்தது. கூடத்து நடுவே குப்பைக் குவியல், அதன்மேல் கவிழ்த்த முறம், பக்கத்தில் துடைப்பம். மனைவி கைகட்டி நாற்காலியில் அமர்ந்திருந்தாள்.

எங்கள் வீட்டில் அந்திக்கு ஒரு வரிசை உண்டு. பெருக்கிக் குப்பையை வெளியே கொட்டி, கொல்லைக் கதவைச் சாத்தி, கைகால் அலம்பியபின் கூடத்து விளக்கைப் போட்டுக் கும்பிட வேண்டும். விளக்கு எரிந்தபின் விடியும்வரை துடைப்பத்தைத் தொடலாகாது. அவள் பாதி பெருக்கும்போது நான் விளக்கை எரியவிட்டிருந்தேன்.

"கொல்லக்கதவு தொறந்து கெடக்குது, என் கையில தொடப்பம். நீங்க ஆட்டோல குந்திக்கினு வெளக்கு வெக்கிறீங்க. இந்த வூட்டுல வெளக்கு வெக்கிறது யாரு?"

அணைத்துவிட்டுப் பெருக்கலாமே என்று மெல்லச் சொன்னேன்.

"வெச்ச வெளக்க அணைச்சிட்டுப் பெருக்கணுமா? நல்லா கீது உங்க நியாயம். அந்த ஆளக் கூப்புட்டு பலகைய எறக்கச் சொல்லுங்க."

அன்றிரவு அக்குவியலைச் சுற்றி நடந்துதான் உணவருந்தினோம்.

மறுநாள் வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியன் வந்தார். வழக்கைக் கேட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பலகையை மாட்டிவிடவா என்று வினவினார். மனைவி அந்தப் படியைப் பார்த்தாள்; முழங்காலைத் தடவினாள்.

"வாணாம்பா. இவரு போன்லருந்து அந்த சுவிட்ச எல்லாம் எடுத்துட்டு என் போன்ல போடு."

மின்விசிறியாவது என் வசம் இருக்கட்டும் என வேண்டினேன்.

"ஃபேன மட்டும் அவருக்கு உட்டுடு," என்றாள் அவள், பெரிய மனத்தோடு.

இப்பொழுது அந்தியில் வீடு திரும்பினால், அவள் விளக்கு வைக்கும்வரை வாசலில் நின்று காத்திருக்கிறேன். கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கும் அண்டை வீட்டார் காரணம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டனர். கொல்லைக் கதவு சாத்தும் ஓசை வரும். நாற்காலியில் அமர்ந்தபடியே அவள் விரலால் தொட, கூடம் ஒளிரும். அவள் கும்பிட்டு முடித்தபின் நான் உள்ளே செல்வேன். நேற்று அவள் பெருக்கும்போதே தன் தங்கையோடு கைப்பேசியில் பேசத் தொடங்கிவிட்டமையால், சற்று அதிகமாகவே நின்றேன்.