தேனீக்களுக்குப் போர்த்திய கம்பளி

நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகும் தனியார் பேருந்தில் காயாரோகணம் கண்டக்டர். குளிர் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. ஐப்பசி மழை தொடங்கும்போதே குரங்குக் குல்லாயை மாட்டிவிடுவார். அவருக்கும் இரண்டு காது உண்டு என்பது மாசி பாதியில்தான் பயணிகளுக்குத் தெரியவரும்.

அவர் மனைவி தையல்நாயகி கொல்லையில் இரண்டு தேனீப் பெட்டிகள் வைத்திருந்தார். மார்கழியில் ஒரு நாள், லீவில் இருந்த காயாரோகணம் பல் துலக்கிக்கொண்டே பெட்டிகளை எட்டிப் பார்த்தார். மணி ஏழாகியும் ஒரு தேனீகூட வெளியே வரவில்லை.

"தையலு, உன் பூச்சியெல்லாம் விறைச்சுப் போச்சு!"

"அதெல்லாம் இல்லீங்க. குளிர்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கும். தேனைத் தின்னுட்டு, றெக்கை அடிக்காம உடம்பை மட்டும் நடுக்கும். அந்த நடுக்கத்துலயே சூடு வந்துடும். வெயில் வந்தா தானா கிளம்பும், பாருங்க."

நடுங்கினால் சூடு வருமா? ஐம்பத்து மூன்று வருடமாக நடுங்கி வருகிறவர் அவர். அப்படி ஒன்றும் வந்ததில்லை.

மனைவி கடைக்குப் போனதும் தன் கம்பளியை எடுத்துவந்து முதல் பெட்டியைச் சுற்றினார். பனிக்காற்று புகாமலிருக்க வாசல் துளையில் கைக்குட்டையைத் திணித்தார். பல உயிர்களைக் காப்பாற்றிய திருப்தியோடு பேப்பர் படிக்க உட்கார்ந்தார்.

ஒன்பது மணிக்கு வெயில் சுள்ளென்று அடித்தது. இரண்டாவது பெட்டித் தேனீக்கள் வேலைக்குக் கிளம்பிவிட்டன. கம்பளிக்குள் மட்டும் ரைஸ்மில் ஓடுவதுபோல் இரைச்சல். பதறிப்போய்க் கைக்குட்டையை உருவினார். குல்லாய் காதையும் கன்னத்தையும் காப்பாற்றியது, மூக்கைக் காப்பாற்றவில்லை.

கடையிலிருந்து வந்த தையல்நாயகி கம்பளியை உருவி, பெட்டியைத் திறந்தார். அடியில் நாற்பது ஐம்பது தேனீக்கள் செத்துக் கிடந்தன.

"குளிர் ஒண்ணும் பண்ணலீங்க. புழுக்கந்தான்..." என்றவர், கணவரின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. கொடுக்கு குத்திய வலி என்றார் காயாரோகணம். தையல்நாயகி நகத்தால் கொடுக்கை வழித்தெடுத்து, மூக்கில் சுண்ணாம்பு தடவினார்.

மறுநாள் பேருந்தில், "என்ன கண்டக்டர் சார், மூக்கு பாதி சீட்டை அடைக்குது?" என்று கேட்டார்கள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். மூன்றாவது டிரிப்பில், ஓரத்துத் தேனீ எப்படி நடுவுக்குப் போய்ச் சூடேற்றிக்கொள்ளும் என்பதுவரை விளக்கம் நீண்டதில், இருவர் இறங்கும் நிறுத்தத்தைத் தவறவிட்டார்கள்.

தையில் மூன்றாவது பெட்டி வந்தது. எங்கே வைக்கலாம் என்று தையல்நாயகி யோசித்தபோது, "காலை வெயில் விழுற இடமா வைப்போம்" என்று கிழக்கு வேலியோரம் அவரே புல்லைச் செதுக்கத் தொடங்கினார்.