க்வேதா தாவிய பக்கம்

க்வேதா ரிஷாவா என்று பெயரைச் சொன்னாலே எங்கள் ஊரில் பாதிப் பேர், "அந்தத் தலைக்கனம் பிடித்தவளா?" என்பார்கள். சுத்தப் பொய். அவளுக்குப் பார்வை மட்டு. எதிரே வருகிறவர் மேயரா மாட்டுக்காரரா என்று தெரியாது, அதனால் ஒருவருக்கும் தலையசைக்காமல் போவாள். கண்ணாடியைப் போட்டுத் தொலையேன்டி என்றால், பியானோ முன்னால் மட்டும்தான் போடுவேன் என்பாள். இதை எத்தனையோ பேரிடம் விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்துவிட்டது.

நான் லிபுஷே. இசைப்பள்ளி நூலகத்தில் வேலை. மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஊதுகருவி வாசிக்கும் இளம்பிள்ளைகளுக்கான உலகப் போட்டி எங்கள் ஊரில் நடக்கும். அப்போது க்வேதாவின் இடப்பக்கம் உட்கார்ந்து அவளுக்குத் தாள் திருப்புவேன். அந்த இரண்டு வாரமும் ஊர் படுகிற பாடு இருக்கிறதே! ஒரு ஜன்னலில் புல்லாங்குழல், அடுத்த ஜன்னலில் கொம்பு, மாடியில் யாரோ ஒரு பெண் ஓபோ என்கிற குழலை வைத்துக்கொண்டு வாத்து மாதிரி கத்திக்கொண்டிருப்பாள். மூட்டுவலிக்கு வெந்நீர்க் குளியல் போட வந்த கிழவர்கள் பருத்தியைக் காதில் அடைத்துக்கொண்டு திரிவார்கள்.

பிள்ளைகளுக்குத் துணையாகப் பியானோ வாசிப்பது க்வேதாவின் தொழில். நன்றி கெட்ட தொழில். பிள்ளை அவசரப்பட்டால் கூடவே ஓட வேண்டும், மூச்சு முட்டினால் காத்து நிற்க வேண்டும். பரிசு கிடைத்தால் பெயர் பிள்ளைக்கு, கிடைக்காவிட்டால் பழி பியானோக்காரிக்கு. ஆனால் க்வேதாவோடு வாசிக்க வேண்டும் என்று பிள்ளைகள் தவம் கிடப்பார்கள். "மெத்தை மேல நடக்கிற மாதிரி இருக்கு" என்று ஒரு போலந்துப் பையன் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

அவளுக்கு ஒரே மகன், ராதிம். புருஷன் ஆஸ்திரியாவுக்குக் கொதிகலன் விற்கப் போய் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். போனது நல்லதுக்குத்தான் என்பது என் கட்சி. ராதிமுக்குக் கிளாரினெட். தினமும் சாயங்காலம் பூண்டு சூப் குடித்துவிட்டு அம்மாவும் மகனும் வாசிக்க உட்காருவார்கள். அவன் தப்பு பண்ணினால் அவளும் வேண்டுமென்றே இன்னொரு தப்பு பண்ணுவாள், இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இந்தப் போட்டியில் இறுதிச் சுற்றுக்குப் போனால் தலைநகர் பிராகில் மேல்படிப்புக்கு இடம் நிச்சயம். போகாவிட்டால் அவனுக்கு வேறு வழி இல்லை. அவள் கனவெல்லாம் அதுதான்.

ஆனால் சொந்தப் பிள்ளைக்கு வாசிக்கக் கூடாது என்பது போட்டியின் விதி. ராதிமுக்குச் சீக்கோரா என்ற பியானோக்காரர் வாய்த்தார். நல்ல வாசிப்பு, குறை சொல்ல முடியாது. ஆனால் ரயில் மாதிரி மனுஷர், தண்டவாளத்தை விட்டு இம்மி நகர மாட்டார்.

அந்த வருடத்துக் கட்டாயப் பாட்டில் ஒரு பொல்லாத இடம் இருந்தது. ஒரே மெட்டு இரண்டு முறை வரும். முதல் முறை ஒரு பக்கம் திரும்பும், இரண்டாம் முறை வேறு பக்கம். பிள்ளைகள் தாளைப் பார்க்காமல் வாசிக்க வேண்டும். பதற்றத்தில் முதல் முறையே இரண்டாவது திருப்பத்தில் நுழைந்துவிட்டால் நடுவில் ஒரு பக்கம் அப்படியே காணாமல் போகும். பியானோவில் இருப்பவரும் அந்தப் பக்கத்தைத் தாவி அதே நொடியில் பிடித்துக்கொண்டால் பிழைத்தார்கள். இல்லையென்றால் கந்தரகோலம்தான்.

ராதிம் காலையில் வாசித்தான். க்வேதா உள்ளே போகப் பயந்து மேடைக்குப் பின்னால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த இடம் வந்தது. பையன் தப்பான திருப்பத்தில் நுழைந்தான். என் முழங்கையில் அவள் விரல்கள் சட்டென்று தாவின, நான் உணர்ந்தேன். உள்ளே சீக்கோராவின் விரல்கள் தாவவில்லை. அவர் பாட்டுக்கு நேரே போனார். இரண்டும் முட்டிக்கொண்டு, கிளாரினெட் நின்றுபோனது. பிறகு சமாளித்து முடித்தான்.

"முடிஞ்சுது" என்றாள் க்வேதா.

"சும்மா இருடி. மத்ததெல்லாம் எவ்வளவு நல்லா வாசிச்சான்! இன்னும் எத்தனை பேர் உளறப் போறாங்களோ."

அன்று மத்தியானம் அவளோடு வாசிக்க வந்தவன் துவார்த்தே என்ற போர்ச்சுகல் பையன். உள்ளங்கை வேர்வையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான். அதே பாட்டு, அதே இடம். அவனும் தப்பான திருப்பத்தில் நுழைந்தான்.

நான் மூச்சு விடுவதற்குள் க்வேதா தாவிவிட்டாள். நான் பதறிப்போய் இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பினேன். நடுவர்கள் ஒருவர்கூடத் தலை நிமிரவில்லை.

சாயங்காலம் முடிவு ஒட்டினார்கள். இறுதிச் சுற்றின் கடைசி இடம் துவார்த்தேவுக்கு. அவனுக்கு அடுத்த பெயர் ராதிம், கோட்டுக்குக் கீழே.

துவார்த்தே ஓடி வந்து க்வேதாவின் இரண்டு கையிலும் முத்தம் கொடுத்து, அவன் மொழியில் என்னென்னவோ சொல்லி அழுதான். ராதிம் கிளாரினெட் பெட்டியோடு அங்கேயே நின்றிருந்தான். அவன் பின்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தான். மற்றவர்களை ஏமாற்றலாம், அந்தப் பாட்டிலேயே கிடந்தவனை எப்படி ஏமாற்றுவது?

"அவனும் அங்கதான விழுந்தான்?" என்றான்.

"ஆமாடா."

"நீ தாவிட்ட."

"ஆமா."

"சரி" என்றான். அவ்வளவுதான்.

இலையுதிர்காலத்தில் கிளாரினெட்டை விற்றுவிட்டு பிர்னோ நகரத்துக்குப் போய் டிராம் ஓட்டச் சேர்ந்தான். கிறிஸ்துமஸுக்கு ஒரு போன் வரும். சாப்பிட்டியா, உடம்பு எப்படி, வைக்கட்டுமா. கறிக்கடைக்காரி ஒரு நாள் என் காதுபடவே, "பெத்த பிள்ளையைக் கவுத்துட்டு எவன் பிள்ளையையோ கரை சேத்தாளே, அவளும் ஒரு அம்மாவா?" என்றாள். வாங்கிய தொத்திறைச்சியை அவள் மேஜையிலேயே வீசிவிட்டு வந்தேன். இன்றைக்கு வரை அந்தக் கடைப்படி ஏறவில்லை.

அந்தப் பேச்சு க்வேதாவின் காதுக்கும் போயிற்று. அந்தக் கேள்விதான் அவளை அரித்தது.

"வேணும்னு பண்ணலடி. கை தானா தாவிடுச்சு" என்பாள்.

"யோசிக்க நேரம் இருந்திருந்தா?"

"அதைக் கேக்காத. அதை நினைச்சாத்தான் எனக்குத் தூக்கமே வரல."

அடுத்த போட்டி வந்தது. அவளுக்கு வந்தவர்களில் நேஷா என்று ஒரு ஸ்லோவேனியப் பெண். பள்ளிக்கூடப் பெண், பல்லில் கம்பி கட்டியிருந்தாள். அவள் அம்மா மூன்றாவது வரிசையில் கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி இருந்தாள். பாட்டு வேறு, ஆனால் பொறி அதே மாதிரிதான். நடுவில் நேஷா ஒரு திருப்பத்தைத் தவறவிட்டாள். நான் எழுந்து தாளைப் பிடித்துவிட்டேன். க்வேதா இடக்கையால் தாளை அழுத்திக்கொண்டாள். அப்படியே நேரே வாசித்தாள்.

நேஷா நின்றாள். திரும்பிப் பியானோவைப் பார்த்தாள். மறுபடி வாயில் வைத்தாள், ஊத வரவில்லை. சபைக்குத் தலைகூட வணங்காமல் மேடையை விட்டு ஓடினாள். மூன்றாவது வரிசையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"என்னடி பண்ணின, பாவி!" என்றேன்.

க்வேதா கண்ணாடியைக் கழற்றினாள். கோட்டை மாட்டிக்கொண்டு நேரே பேருந்து நிலையத்துக்கு நடந்தாள். தனியே விட மனசில்லாமல் நானும் ஏறினேன். பிர்னோவில் இறங்கி ராதிம் ஓட்டும் டிராமைத் தேடிப் போனோம்.

டிராம் திரும்பும் கடைசி நிறுத்தத்தில் ராதிம் காகிதக் கோப்பையில் காபி குடித்துக்கொண்டிருந்தான். உடம்பு பெருத்திருந்தது. எங்களைக் கண்டதும் பயந்துவிட்டான்.

"என்னம்மா? அத்தை, அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"இன்னைக்கு ஒரு பொண்ணு விழுந்தாடா" என்றாள் க்வேதா. மூச்சு வாங்கியது. "நான் தாவல. உன்னை எப்படி விட்டாங்களோ அப்படியே அவளையும் விட்டுட்டேன். போதுமாடா? இப்பவாச்சும் உன் மனசு ஆறுமா?"

அவன் கோப்பையை வைக்க இடம் தேடினான். கிடைக்கவில்லை.

"அந்தப் பொண்ணு அழுதாளா?"

"அழுதா."

"அவங்கம்மா வந்திருந்தாங்களா?"

க்வேதா ஆமென்று தலையாட்டினாள்.

"ஏம்மா இப்படிப் பண்ணின?" என்றான். "ஒரு வருஷம் கோபமாத்தான் இருந்தேன், இல்லேங்கல. அப்புறம் அது போயிடுச்சு. இங்க டெப்போவுல எல்லார்கிட்டயும் சொல்லுவேன். எங்கம்மா இருக்காங்களே, பெத்த பிள்ளை தோத்தாலும் பரவால்லைன்னு எவனோ ஒருத்தனைக் கை கொடுத்துத் தூக்கினவங்கன்னு. அதைச் சொல்லும்போதுதாம்மா நான் கொஞ்சம் நிமிந்து நிப்பேன்."

"இதை அவகிட்ட ஒரு தடவை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடா, மடையா!" என்று நான்தான் கத்தினேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை.

புறப்படும் மணி அடித்தது. டிராமுக்குள் ஜனங்கள் காத்திருந்தார்கள்.

"இனிமே டெப்போவுல அவங்ககிட்ட நான் என்னம்மா சொல்வேன்?" என்று கேட்டுவிட்டு ஏறிப் போனான்.