நகத்தளவு நீலப்பூ

மலைத் தோட்டத்துப் பாறைப் பாத்திகளெல்லாம் கல்லம்மாவின் பொறுப்பு. பனி உருகும் உயரத்தில் வளர்கிற குட்டிச் செடிகள்தான் அவற்றில். கல்லோடு கல்லாக முட்டி போட்டுக் களை பிடுங்கியே இருபது வருடம் போனதால், கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் அது. கோடை தொடங்கினால் போதும், கூட்டம் வந்து பாத்தியின் முன்னால் நின்றுகொண்டே "பூ எங்கம்மா?" என்று கேட்கும். காலுக்குக் கீழே பாருங்க என்று சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

ஊரார் கேட்டால் பொறுத்துக்கொள்ளலாம். கட்டின புருஷனே "அங்க என்ன, புல்லுதானே பிடுங்கறே?" என்றால்? அவர் லாரி டிரைவர். ஏழு வருடம் முன்பு அவள் விதை போட்ட செடி இப்போதுதான் முதல் மொட்டு விட்டிருந்தது. விரிந்தால் மூன்று நாள் தாங்கும். அவரோ நாளை லோடு ஏற்றிப் போனால் திரும்ப மூன்று வாரம். இன்றைக்கு அவர் பார்த்தே ஆக வேண்டும் என்று இழுக்காத குறையாகக் கூட்டி வந்தாள்.

மனுஷன் நேராக வந்தாரா? வாசலில் ஒரு டீ, வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு வாய்த்தகராறு. பாத்திக்கு வந்து சேர்வதற்குள் மேகம் மூடிவிட்டது. வெயில் பட்டால்தான் அந்தப் பூ விரியும்.

"இதுவா? இந்தக் குச்சிக்கா ஏழு வருஷம்?"

"வாய வச்சிக்கிட்டு சும்மா இருங்க. வெயில் வரட்டும்."

"வந்தா எழுப்பு."

பெஞ்சில் சாய்ந்தார். சாய்ந்த இடத்தில் தூங்குவது லாரித் தொழில் கொடுத்த வரம். இரண்டாவது நிமிடம் குறட்டை. படம் எடுக்க வந்தவர்கள் செடியை விட்டுவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளுக்கு மானமே போயிற்று. இந்த மனுஷனுக்குக் காட்டுவதற்கா இத்தனை பாடு என்று பற்றிக்கொண்டு வந்தது.

மூன்று மணிக்கு வெயில் அடித்தது. அவள் முட்டி போட்டுக் குனிந்தாள். முறுக்கிக்கொண்டிருந்த மொட்டு மெல்லத் தளர்ந்து இதழ் இதழாகப் பிரிந்தது. அப்படி ஒரு நீலம். நடுவில் ஊசிமுனை போல வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுபடி மேகம் வந்து, பூ சுருண்டுகொண்ட பிறகுதான் நிமிர்ந்தாள்.

"என்னம்மா, விரிஞ்சுச்சா?" பெஞ்சிலிருந்து அவர் குரல்.

"விரிஞ்சு மூடிக்கிச்சு."

"எழுப்பச் சொன்னேன்ல?"

திட்டத்தான் வாயைத் திறந்தாள். திட்டு வரவில்லை.

"நீங்க வந்திருக்கிறதே மறந்துபோச்சுங்க," என்றாள்.