கோமோ ஏரியில் பெய்த மழை

கிருபாராணி கேட்டு வாங்கிக்கொண்ட வெளிநாட்டுப் பயணம் வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான். இத்தாலியில் கோமோ என்ற ஊருக்குப் போனது. அதற்குப் பிறகு எங்கேயாவது போக வேண்டும் என்று அவள் வாய்திறந்து சொல்லி நான் கேட்டதில்லை.

நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷனில் அவர்கள் வீடு. நாங்கள் ஈஸ்ட் பிரன்ஸ்விக். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்கச் சபையார் ஆராதனை முடித்துக் கிளம்பிய பிறகு, அதே கோயிலில் நாங்கள் தமிழ் ஆராதனை நடத்துவோம். அப்படித்தான் பழக்கம். அவள் பாளையங்கோட்டைக்காரி. கணவர் ஐசக்குக்கு நாசரேத் ஊர். ஒரு மருந்து கம்பெனியில் கெமிஸ்ட். கிருபா ஊர் நூலகத்தில் பகுதிநேரமாக, திரும்பி வரும் புத்தகங்களை எடுத்து அடுக்கும் வேலை பார்த்தாள்.

ஐசக் நல்ல மனிதர். யாருக்கு ஏர்போர்ட் போக வேண்டுமானாலும் காரை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். ஆனால் கெட்ட செய்தி எதுவானாலும் அதைத் தனக்குள்ளேயே விழுங்கிக்கொள்வார். கலியாணமான புதிதில் கிருபாவின் அப்பா ஊரில் தவறிப்போனார். அவள் அண்ணன் ஐசக்கின் ஆபீசுக்குத்தான் போன் செய்தார். அப்போது கிருபா முதன்முறை உண்டாகியிருந்தாள். அடக்கம் முடிந்து ஒரு வாரம் சென்ற பிறகே ஐசக் அவளிடம் சொன்னார். அந்தக் கர்ப்பம் எப்படியும் தங்கவில்லை. அடுத்ததும் கலைந்துபோயிற்று. அப்பா சாவை மறைத்ததைப் பற்றிப் பேச்சு வந்தால், எனக்கு நல்லது நினைச்சுத்தானே செஞ்சாங்க என்று சொல்லி முடித்துவிடுவாள். அதற்குமேல் நாங்களும் கேட்டதில்லை.

எண்பத்தாறாம் வருஷம் ஏப்ரல் கடைசியில் மிலான் நகரில் ஐசக்குக்கு ஒரு கான்ஃபரன்ஸ். கிருபாவுக்கு அப்போது மூன்றாம் மாதம். நூலகத்தில் யாரோ திருப்பிக் கொடுத்த ஒரு படப் புத்தகத்தில் கோமோ ஏரியைப் பார்த்திருக்கிறாள். கரையோரத் தோட்டத்தில் ஆளுயரத்துக்கு மேல் பூத்துக் குவிந்த சிவப்பும் வெள்ளையுமான பூக்கள், அதற்குப் பின்னால் தண்ணீர், அதற்கும் பின்னால் பனி மூடிய மலை. மிலானிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை என்று தெரிந்ததும், நானும் வரேன் என்றாள். ஐசக் தயங்கினார். டாக்டர் போகலாம் என்று சொன்ன பிறகு சம்மதித்தார்.

கோமோவில் முதல் நாள் நல்ல வெயில். ஏரியின் நுனியில், மலைகள் மூன்று பக்கமும் நெருக்க, ஊர் ஒரு கிண்ணத்துக்குள் இருப்பதுபோல இருந்ததாம். பழைய மதில், கல் பாவிய தெருக்கள், வெள்ளையும் சாம்பலும் சிவப்புமாகப் பட்டை பட்டையாகக் கட்டிய பழைய நகர மன்றம், அதை ஒட்டியபடியே பேராலயம். ஆலயத்தின் வாசலுக்கு இரு பக்கமும் கிறிஸ்தவர் அல்லாத இரண்டு பழைய ரோமர்களை உட்கார வைத்திருந்தது அவளுக்கு ஆச்சரியம். நம்ம பாஸ்டர் பார்த்தா ஒத்துக்குவாரா என்று கேட்டு ஐசக்கைச் சிரிக்க வைத்தாள். பிற்பகல் படகில் ஏறிப் பக்கத்துக் கரையில் செர்னோபியோ என்ற சின்ன ஊருக்குப் போய், கரையில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். மறுநாள் காலை, புத்தகத்தில் பார்த்த அந்தத் தோட்டத்துக்கே போனார்கள். பூக்களின் நடுவே வெட்டிய பாதை குகைபோல இருந்தது. அவள் அதற்குள் இரண்டு முறை நடந்துவிட்டு, மூன்றாவது முறையும் போனாள்.

அன்று பிற்பகலே மலைமேல் புருனாத்தே கிராமத்துக்கு ஏறினார்கள். செங்குத்தான சரிவில் இரும்புக் கயிறு கட்டி இழுக்கும் சின்ன ரயில் அது. மேலேயிருந்து பார்த்தால் ஊரின் ஓட்டுக் கூரைகளும் ஆலயத்தின் குவிமாடமும் ஏரியும் காலடியில் கிடந்தன. அங்கேயே ஒரு சின்னக் கடையில் பச்சைக் கீரையும் பாலாடைக் கட்டியும் சாப்பிட்டார்கள். கீரை நிறையச் சாப்பிடச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்ததால் கிருபா இரண்டாவது தட்டும் வாங்கிக்கொண்டாள். பிறகு மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் இன்னும் மேலே நடந்தார்கள். வழியில் மழை பிடித்துக்கொண்டது.

வா, போயிரலாம் என்று ஐசக் அவசரப்படுத்தினார். மழைதானேங்க என்று அவள் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு நின்றாள். ஜெர்சி குளிருக்குப் பிறகு அந்த மழை வெதுவெதுப்பாக இருந்ததாம். அவர் தன் கோட்டைக் கழற்றி அவள் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, ஏறக்குறைய இழுத்துக்கொண்டே ரயிலடிக்குக் கூட்டிவந்தார். ஜலதோஷம் பிடிக்கும் என்று பயப்படுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

ஹோட்டல் என்பது ஒரு விதவை அம்மாள் நடத்திய சிறிய விடுதி. சாப்பாட்டு மேசையில் கிருபாவுக்குச் சூடான பால் வேண்டும் என்று முதல் நாளே ஐசக் வயிற்றைக் காட்டிச் சைகையால் சொல்லியிருந்தார். அந்த அம்மாளும் புரிந்துகொண்டு கொண்டுவந்து வைத்தாள். மழையில் நனைந்து வந்த அன்று மாலை பால் வரவில்லை. அவள் கிருபாவிடம் வந்து, வயிற்றைக் காட்டித் தலையை ஆட்டினாள். பால் கூடாது, கீரை கூடாது என்று கையால் காட்டினாள். மூலையில் டெலிவிஷன் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி, செர்னோபில், செர்னோபில் என்றாள்.

கிருபாவுக்கு அது செர்னோபியோ என்று காதில் விழுந்தது. நேற்று ஐஸ்கிரீம் சாப்பிட்ட ஊரில் என்ன ஆயிற்று, தண்ணீரில் விஷமா என்று பதறிப்போய் ஐசக்கைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த ஒரு ஸ்விஸ் ஆசிரியை எழுந்து வந்து இங்கிலீஷில் விளக்கினாள். ரஷ்யாவில் ஓர் அணு உலை வெடித்துவிட்டது. கதிர்வீச்சுப் புழுதி காற்றோடு இத்தாலிவரைக்கும் வந்துவிட்டது. மழையில் அது தரைக்கு இறங்குகிறது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பால் குடிக்கக் கூடாது, கீரையை யாருமே விற்கக் கூடாது என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது.

அறைக்குப் போய்க் கதவைச் சாத்திய பிறகு கிருபா கேட்டாள்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"மிலான்லயே பேசிக்கிட்டாங்க. ரஷ்யா எங்கயோ இருக்கு, இங்க வராதுன்னுதான் நெனச்சேன்."

"மழை வந்தப்ப என்னைய இழுத்துக்கிட்டு ஓடுனீங்களே, அப்ப?"

"அப்ப கொஞ்சம் டவுட் வந்துச்சு."

"கீரை இன்னொரு பிளேட் கேட்டேனே. பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"நீ வொரி பண்ணுவேன்னுதான் கிருபா. ஏற்கெனவே ரெண்டு தடவை..."

குளியலறைக்குள் போய், தலையையும் கைகால்களையும் தோல் சிவக்கும்வரை சோப்புப் போட்டுத் தேய்த்தாள். மீதி இருந்த நாட்களை ரத்து செய்துவிட்டு மறுநாளே கிளம்பினார்கள். விமானத்தில் இருவருக்கும் நடுவில் ஒரு காலி இருக்கை இருந்தது. அது வசதியாகப் போயிற்று என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் ஐசக் லேபிலிருந்து கதிர்வீச்சை அளக்கும் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். கராஜில் வைத்துப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு துணிமேலும் அதைப் பிடித்துப் பார்த்தார். கிருபா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சேலைகள்மேல் அது நிதானமாகத்தான் டிக் டிக்கென்றது. மலையில் போட்டு நடந்த ஷூவுக்கு அருகில் போனதும் டிக் டிக் சத்தம் அடுத்தடுத்து வேகமாக வந்தது. அவர் உடனே கருவியை அணைத்துவிட்டார்.

"ஒண்ணுமில்ல. நார்மல்தான்" என்றார்.

அவள் உள்ளே போய்விட்டாள். அந்த ஷூக்களை அவர் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி எங்கோ எடுத்துப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தாளாம்.

சில நாட்கள் கழித்து ஐசக் வேறொரு பேச்சை எடுத்தார். இந்தப் பிள்ளை வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் என்ன, இப்போதே செய்தால் ஆபத்தில்லை, நாளைக்கு ஊனமாகப் பிறந்து நீ கண்ணீர்விடுவதை என்னால் பார்க்க முடியாது, எல்லாம் உனக்காகத்தான் சொல்கிறேன் என்றார். அதுவரை குரலை உயர்த்தாத கிருபா அப்போதும் உயர்த்தவில்லை.

"உங்களுக்குப் பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க. எனக்காகன்னு சொல்லாதீங்க. எங்கப்பா செத்ததும் எனக்காகத்தான் சொல்லாம வெச்சிருந்தீங்க."

அவளுக்குக் கார் ஓட்டத் தெரியுமே தவிர ரூட் ஒன் நெடுஞ்சாலைப் பக்கம் தனியாகப் போனதில்லை. லாரிகளைக் கண்டால் பயம். அந்த வாரம் தனியாக ஓட்டிக்கொண்டு டாக்டர் விசாலாக்ஷியைப் பார்க்கப் போனாள். எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பெண்களில் பாதிப்பேருக்குப் பிரசவம் பார்த்தவர் அவர். கும்பகோணத்துக்காரர், வளைத்துப் பேசத் தெரியாதவர். கிருபா எதையும் விடாமல் சொன்னாள். கீரை, பால், மழை, ஷூ எல்லாவற்றையும். டாக்டர் அன்றைக்கே பதில் சொல்லவில்லை. யாருக்கெல்லாமோ போன் செய்து கேட்டுவிட்டு, மறுவாரம் வரச் சொன்னார்.

"நூறு பர்சென்ட் தெரியும்னு நான் சொன்னா அது பொய்ம்மா" என்றார். "ஆனா நீங்க சொல்றத வெச்சுப் பாத்தா, கொழந்தைக்குக் கெடுதல் பண்ற அளவு இது இல்ல. எக்ஸ்ரே எடுத்தா உடம்புல படுறதோட கம்பேர் பண்ற மாதிரி விஷயம்தான். கலைக்க வேண்டிய காரணம் எனக்குத் தெரியல. முடிவு உங்களோடது."

எனக்குத் தெரியலன்னு என்கிட்ட சொன்ன மொத ஆளு அவங்கதான் என்று கிருபா என்னிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போதுதான் அந்த மாதங்களில் அவள் அழுது பார்த்தேன்.

பிள்ளையைச் சுமந்த அந்தக் கோடைக்காலம் முழுக்க அவள் ஆராதனைக்கு வருவாள், ஐசக்கின் பக்கத்திலேயே உட்காருவாள், பாட்டுப் புத்தகத்தை இருவரும் சேர்ந்தே பிடித்துக்கொள்வார்கள். முடிந்ததும் காபிக்கு நிற்காமல் காருக்குப் போய்விடுவாள். விஷயம் மெல்லச் சபையில் பரவியது. சிலர் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு ஆன்ட்டி, கர்த்தர் எந்தப் பிள்ளையைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள் என்று அவள் தலையில் கைவைத்து ஜெபித்தார். அதற்கடுத்த இரண்டு மாதம் கிருபா வரவில்லை. ஐசக் மட்டும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். இரவில் தூங்குவதில்லை என்றும், லேபில் கிடைக்கும் ஆராய்ச்சிக் கட்டுரையெல்லாம் படிக்கிறார் என்றும் என் கணவரிடம் சொல்லியிருக்கிறார். படித்ததில் ஒரு வரியைக்கூட அவர் வீட்டில் சொன்னதில்லை.

நவம்பரில் பெண் குழந்தை பிறந்தது. பெர்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். குழந்தையை முதலில் கையில் வாங்கிய ஐசக், எல்லாம் நல்லா இருக்கு கிருபா என்றார். அவள் அவரைத் தாண்டி நர்ஸைப் பார்த்துக் கேட்டாள். நர்ஸ் சொன்ன பிறகு குழந்தை டாக்டரையும் வரவழைத்துக் கேட்டாள். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்ன பிறகுதான் கைகளை நீட்டினாள். ஐசக் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். அந்த அறையில் நானும் இருந்தேன். எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பெர்சிஸ் நன்றாகவே வளர்ந்தாள். ஆனால் அவளுக்கு ஒரு சளி பிடித்தால்கூட அந்த வீட்டில் யாரும் நிம்மதியாக மூச்சுவிட மாட்டார்கள். காய்ச்சலைக் கிருபாவே பார்ப்பாள், அவளே டாக்டரிடம் பேசுவாள். ஐசக் தெர்மாமீட்டரைப் படித்துச் சொன்னால் வாங்கித் தானும் ஒருமுறை பார்ப்பாள்.

பெர்சிஸுக்கு மூன்று வயது முடியும் முன், ஒரு நாள் கிருபா நூலகத்தில் இருந்தபோது, டேகேரிலிருந்து ஐசக்குக்குப் போன் வந்தது. பிள்ளைக்குக் கழுத்தில் ஒரு வீக்கம் தெரிகிறது என்றார்கள். அவர் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினார். தொண்டைப் புண்ணால் வந்த நெறிக்கட்டியாகத்தான் இருக்கும், ஆனாலும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். ஐசக் வீட்டுக்குப் போகவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே நூலகத்துக்கு வந்தார். புத்தகம் வாங்க ஆட்கள் நின்றிருந்த கவுன்ட்டரின் முன்னாலேயே, டாக்டர் சொன்னதை ஒன்றும் விடாமல் தமிழில் சொன்னார். கதிர்வீச்சால் தைராய்டில் வரக்கூடிய புற்றுநோயைப் பற்றித் தான் படித்து வைத்திருந்ததையும், அது எவ்வளவு அபூர்வம் என்பதையும், என்ன பார்க்கச் சொல்லி ரத்தம் எடுத்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னார். ரிசல்ட் வர நாளாகும், அதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது கிருபா என்றார்.

ரத்தத்தில் எதுவும் இல்லை. வீக்கம் ஆன்டிபயாடிக்கில் வடிந்துவிட்டது. ஆனால் அந்த முடிவு வந்ததைவிட, அவர் கவுன்ட்டரில் வந்து நின்றதைத்தான் கிருபா அதிகம் சொல்லுவாள். அன்றிலிருந்து அவள் அவரை முழுசாக நம்பத் தொடங்கிவிட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். அன்று சாயங்காலமே டாக்டர் ஆபீசுக்கு அவளே போன் போட்டு, முதலிலிருந்து கேட்டிருக்கிறாள். ஐசக் மேசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். டாக்டர் சொன்னதும் அவர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தன. கிருபா போனை வைத்துவிட்டு, அவருக்குத் தட்டு எடுத்து வைத்தாள்.